சும்மாதான் இருந்தேன்

லாங் சைஸ் நோட்டில் பக்கத்துக்கு 24 வீதம் இரண்டு பக்கங்களில் 48 கோடுகள் போட்டேன். முதல் கோட்டுக்கு எதிரே காலை 4:00 என்று எழுதிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நேத்து காலைல நாலு மணிக்கு என்னம்மா பண்ணிட்டிருந்த?”

“தூங்கிட்டிருந்தேன். நாலு மணிக்கு வேற என்ன பண்ணுவாங்க?”

“அஞ்சு மணிக்கு?”

ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கிறார். ஐந்தரைக்குப் பால் காய்ச்சி டிகாஷன் இறக்கியிருக்கிறார். கோடு கோடாக இறங்கிப் பிற்பகல் இரண்டரைக்கு வந்தோம். “அப்ப சும்மாதான் இருந்தேன், ஒண்ணும் எழுதாத” என்றார். விடாமல் கேட்டேன். சும்மா இருந்த அந்த அரை மணி நேரத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவியிருக்கிறார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். கீரை உருவும்போது டிவியில் சீரியல் ஓடியிருக்கிறது. ஒரே கோட்டில் மூன்று செயல்கள். அவர் மனதில் அது வெறும் கோடு.

இதே கேள்விகளை இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க 4,47,250 பேரிடம் கேட்டது. 2024-இல் மறுபடியும் 4,54,192 பேரிடம் கேட்டது. ஆறு வயது நிரம்பிய எல்லோரிடமும், முந்தைய நாள் காலை 4 மணி முதல் அன்று காலை 4 மணி வரை என்ன செய்தார்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதினார்கள். ஒரே அரை மணியில் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமாவது நீடித்தவற்றில் மூன்று வரை குறித்துக்கொண்டார்கள். நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று இதற்குப் பெயர். நம் நாளின் வரைபடம் என்று சொல்லத்தக்க ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்றால் அது இதுதான்.

நாள் ஏன் நள்ளிரவில் தொடங்காமல் 4 மணிக்குத் தொடங்குகிறது? நள்ளிரவில் விழித்திருப்பவர்கள் பலர். அங்கே கோடு கிழித்தால் படம் பார்த்துக்கொண்டிருந்தவரின் இரவு இரண்டாக அறுந்துபோகும். மக்களில் பெரும்பாலோர் தூங்கும் நேரம் அதிகாலை நான்கு. அப்போதும் பூ மார்க்கெட்டில் மூட்டை பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், பால் வண்டிக்காரர் இருக்கிறார், இரவு ஷிப்ட் நர்ஸ் இருக்கிறார். எங்கே வெட்டினாலும் யாரோ ஒருவருடைய வேலையின் நடுவில்தான் கத்தி விழும். மிகக் குறைவான பேர் மீது விழும் இடம் அது.

“வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள்?” என்று நேரடியாகவே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த ஆய்வுகளை அரை நூற்றாண்டு நடத்திய சமூகவியலாளர் ஜான் ராபின்சன், மக்கள் வாயால் சொல்லும் மணிக்கணக்கையும் அவர்களே நாட்குறிப்பில் நிரப்பிய மணிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாரத்துக்கு 75 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 25 மணி நேரம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ‘ஒரு வாரம்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது இருப்பதிலேயே கடுமையான வாரம். நாம் யாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அவருடைய வாரம். ‘நேற்று’ என்று கேட்டால் அப்படிப் பெருக்க இடமில்லை. நேற்றுக்கு 1,440 நிமிடங்கள்தான். அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் கூட்டினால் தூக்கத்திலோ குளியலிலோ பத்து நிமிடம் குறைந்தாக வேண்டும். மளிகைக் கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணுவது போன்ற வேலை இது. கணக்கு இடிக்கும்போது எங்கே இடிக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும்.

சோவியத் ரஷ்யாவில் 1920-களிலேயே ஸ்ட்ரூமிலின் என்ற பொருளியலாளர் தொழிலாளர்களின் நாளை இப்படி எண்ணத் தொடங்கியிருந்தார். உலக அளவில் பெரிய முயற்சி 1965-66-இல் நடந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த அலெக்சாண்டர் சலாய் 12 நாடுகளின் ஆய்வாளர்களைச் சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே முறையில் நாட்குறிப்பு நிரப்பவைத்தார். பனிப்போரின் உச்சத்தில், அமெரிக்காவின் ஜாக்சன் நகரத்து மக்களின் ஒரு நாளும் சோவியத்தின் ப்ஸ்கோவ் நகரத்து மக்களின் ஒரு நாளும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளாக வந்து நின்றன. அரசாங்கங்கள் ஒன்றையொன்று சந்தேகித்த காலத்தில் அடுப்படிகள் ஒப்பிடப்பட்டன. இந்தத் துறையில் என் மனதுக்கு மிக நெருக்கமான தருணம் அதுதான்.

இப்படி நாளை எண்ணுவதோடு ஒட்டிய ஒரு பழைய கனவு உண்டு. 1930-இல் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், நூறு ஆண்டுகளில் இயந்திரங்களும் செல்வமும் பெருகி, மனிதர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்று எழுதினார். அதன் பிறகு ஓய்வை எப்படிக் கழிப்பது என்பதுதான் மனித குலத்தின் கவலையாக இருக்கும் என்றார். அவர் சொன்ன நூறு ஆண்டு முடியப்போகிறது. செல்வத்தைப் பற்றி அவர் போட்ட கணக்கு பணக்கார நாடுகளில் பெரிதாகத் தவறவில்லை. நேரத்தைப் பற்றிய கணக்கு தவறிவிட்டது. அவர் எண்ணியது கூலி கிடைக்கும் வேலையை மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று? இதற்கு என்னை உலுக்கிய பதில் 1974-இல் சமூகவியலாளர் ஜோஆன் வானெக் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வெளி வேலைக்குப் போகாத பெண்கள் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். நடுவில் குழாய்த் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், வாக்குவம் கிளீனர் எல்லாம் வந்தன. 1960-களில் அதே வகைப் பெண்கள் செய்த வீட்டு வேலை வாரத்துக்குச் சுமார் 55 மணி நேரம். குறையவே இல்லை. துணி துவைக்கும் நேரம்கூடக் குறையாமல் கூடியிருந்தது. மெஷின் இருக்கிறது என்பதால் வாரம் ஒரு முறை மாற்றிய சட்டையைத் தினமும் மாற்ற ஆரம்பித்தார்கள். வெளியே போட்டு வாங்கிய துணி வீட்டுக்குள் வந்தது.

வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் இன்னொரு காரணத்தைச் சுட்டினார். இயந்திரம் முதலில் யாருடைய வேலையை எடுத்துக்கொண்டது என்று பாருங்கள் என்றார். விறகு பிளந்தது ஆண்கள், தண்ணீர் சுமந்தது பிள்ளைகள், விரிப்புகளை வெளியே எடுத்துப்போய் அடித்துத் தட்டியது கணவரோ வேலையாளோ. அடுப்பும் குழாயும் மெஷினும் வந்ததும் அவர்கள் எல்லோரும் விடுதலை ஆனார்கள். பொத்தானை அமுக்க ஒருவர் மட்டும் வீட்டில் மிஞ்சினார்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா மறந்துபோய் எங்கள் வீட்டு ஆட்டுக்கல் நினைவுக்கு வந்தது. பாட்டி ஒரு கையால் குழவியைச் சுற்றுவார், மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவார். அந்த இரண்டு கைகளுக்கும் ஒரு தாளம் இருந்தது. தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்து பொங்கப் பொங்க ஆட்டி முடிப்பதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். அதனால்தான் பல வீடுகளில் இட்லி என்றால் தீபாவளி, பொங்கல், மாப்பிள்ளை வருகை. மற்ற நாட்களில் பழைய சோறோ களியோ கூழோ.

1950-களின் நடுவில் கோயம்புத்தூரில் மின்சார கிரைண்டர் பிறந்தது. கருங்கல்லையும் மோட்டாரையும் சேர்த்து அந்த ஊர்ப் பட்டறைகள் செய்த இந்த இயந்திரத்துக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. தமிழ்ப் பெண்களின் தோளுக்கும் முதுகுக்கும் இதைவிடப் பெரிய உபகாரம் செய்த கண்டுபிடிப்பை என்னால் நினைக்க முடியவில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோள் பெற்றதை நேரம் பெற்றதா என்பது வேறு கேள்வி. கிரைண்டர் வந்ததும் இட்லி பண்டிகையிலிருந்து இறங்கி எல்லா நாளுக்கும் வந்துவிட்டது. காலையில் இட்லி, இரவில் தோசை. மாவு இருந்தால் சட்னி வேண்டும். மிக்சி இருக்கும்போது ஒரே சட்னி எப்படிப் போதும்? அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவது, கல்லைக் கழற்றிக் கழுவுவது, மாவை வழித்து உப்புப் போட்டுக் கரைப்பது, பொங்கி வழிந்ததைத் துடைப்பது எல்லாம் அப்படியே இருந்தன. ஆட்டுக்கல்லைச் சுற்ற முன்பு ஓர் அத்தையோ ஒரு சின்னப் பெண்ணோ எதிரே வந்து உட்காருவார். மாவைத் தள்ளிவிட ஒரு கை கிடைக்கும், பேச்சுத் துணையும் கிடைக்கும். மெஷினுக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை.

நெல் குத்தும் உரலுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது, இன்னும் துயரமானது. ரைஸ் மில்கள் வந்தபோது உலக்கை பிடித்த கைகள் ஓய்ந்தன என்பது உண்மை. அந்தக் கைகளில் பல, அடுத்தவர் வீட்டு நெல்லைக் குத்திக் கூலி வாங்கிய ஏழைப் பெண்களின் கைகள். அவர்களுக்கு நேரம் மிச்சமாயிற்று, கூலி போயிற்று. அதை ஓய்வு என்று எந்த அட்டவணையில் எழுதுவது?

பயணத்திலும் இதே வடிவம் தெரிகிறது. சலாயின் ஆய்வில் கார் வைத்திருந்தவர்கள் கார் இல்லாதவர்களைவிட வழியில் செலவிட்ட நேரம் அப்படியொன்றும் குறைவில்லை. வேகமாகப் போக முடிந்தவர்கள் தூரமாகப் போனார்கள், தூரத்தில் குடியேறினார்கள். டிவி மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. அது உண்மையிலேயே நாளை மாற்றி அமைத்தது. டிவி நுழைந்த வீடுகளில் ரேடியோவுக்கும் சினிமாவுக்கும் அக்கம்பக்கத்தாரோடு பேசுவதற்கும் போன நேரம் குறைந்தது, தூக்கமும் கொஞ்சம் குறைந்தது.

அப்படியானால் வேலை நேரம் ஒருபோதும் குறைந்ததில்லையா? குறைந்திருக்கிறது. எங்கே, எப்படிக் குறைந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம். 1911-இல் நெசவு ஆலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று முதல் வரம்பு. 1922-இல் வாரத்துக்கு 60 மணி நேரம். 1934-இல் 54. 1946-இல் 48. இந்த எண்கள் தறியின் வேகத்தால் இறங்கவில்லை. தறி வேகமாக ஓடினால் துணி அதிகமாக வரும், அவ்வளவுதான். சங்கு ஊதியதும் உள்ளே போய்ச் சங்கு ஊதியதும் வெளியே வந்த மனிதர்கள் கூடிப் பேசியதால் இறங்கின. சென்னையின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டபோது அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளை போதவில்லை என்பது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் சோறு உண்ணும் நிமிடங்களுக்காகவும் பிறந்தது.

அந்தப் பேச்சு இன்னும் முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில், ஆலைகளில் 12 மணி நேர வேலை நாளுக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மிச்சமாகும் மணி நேரத்துக்குக் கால் கிடையாது. அது தானாக நடந்து யார் வீட்டுக்கும் போகாது. கேட்கத் தெரிந்தவரிடம், கேட்கும் பலம் உள்ளவரிடம் போய்ச் சேருகிறது. ஆலைக்குள் அதைக் கேட்க ஒரு சங்கம் இருந்தது. அடுப்படிக்குச் சங்கமும் இல்லை, சட்டமும் இல்லை, சங்கு ஊதும் நேரமும் இல்லை.

அடுப்படிக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தியா முதலில் விரிவாக எண்ணியது 1998-99-இல். பொருளியலாளர் இந்திரா ஹிர்வே தலைமையிலான குழு வழிகாட்ட, ஆறு மாநிலங்களில் சோதனையாக ஆய்வு நடந்தது. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. ஆறு மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் கூலிக்கும் விளைச்சலுக்குமான வேலையில் ஆண்கள் வாரத்துக்குச் சுமார் 42 மணி நேரம் செலவிட்டார்கள், பெண்கள் சுமார் 18.7. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சமைப்பது, துவைப்பது, பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது என்ற அடுத்த பத்திக்கு வந்தால் ஆண்கள் 3.6 மணி நேரம், பெண்கள் 34.6. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஆண்களுக்குச் சுமார் 45.6, பெண்களுக்குச் சுமார் 53.3. வாரத்துக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு ஷிப்ட். வாரா வாரம் ஏறக்குறைய ஒரு ஷிப்ட் கூடுதலாகப் பார்த்தவர்களைத்தான் நாம் ‘வீட்டில் சும்மா இருக்கிறார்’ என்று அறிமுகப்படுத்தி வந்திருக்கிறோம்.

இந்தச் ‘சும்மா’வுக்கு அரசாங்கப் படிவத்திலும் ஓர் இடம் உண்டு. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் வீட்டுக் கடமைகளில் மட்டும் ஈடுபடுவோருக்கு எண் 92. அதோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு எண் 93. இந்த இரண்டு எண்களும் உழைக்கும் மக்கள் கணக்குக்கு வெளியே நிற்பவை. விறகுக்காகக் காட்டுக்குள் நடந்துபோன கால்களை எண் 93 தொழிலாளி என்று சொல்வதில்லை.

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்களைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது பலருக்குத் தவறிப்போகிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளைக்கு ஆண்கள் 97 நிமிடம், பெண்கள் 299 நிமிடம் என்று செய்திகள் வந்தன. மூன்று மடங்குதானே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இது அந்த நாளில் வீட்டு வேலையைத் தொட்டவர்களின் சராசரி. தொட்டவர்கள் எத்தனை பேர்? பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். தொடாதவர்களையும் வகுத்தலில் சேர்த்தால் ஓர் ஆணுக்கு 25 நிமிடம், ஒரு பெண்ணுக்கு 243 நிமிடம். மூன்று மடங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணி ஊரின் பசியைச் சொல்ல முடியாது.

2024-இல் என்ன மாறியது? வீட்டு வேலை செய்த பெண்களின் சராசரி 299-இலிருந்து 289 நிமிடமாகக் குறைந்தது. பத்து நிமிடம். கேஸ் இணைப்பும் வீட்டுக் குழாயும் இதில் ஏதோ ஒரு பங்கு செய்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களா என்று ஆவலோடு அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி 97-இலிருந்து 88 ஆகியிருக்கிறது. வேலை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, பங்கு பிரிந்திருப்பதாகத் தெரியவில்லை. பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்குப் போகும் பங்கு நாளில் 9.9 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக ஏறியிருக்கிறது. ஏறக்குறைய கால் மணி நேரம் கூடுதல். 2024-இல் இவற்றில் ஈடுபட்ட ஆண்களின் சராசரி 177 நிமிடம், ஈடுபட்ட பெண்களின் சராசரி 164 நிமிடம்.

பதின்மூன்று நிமிடம் பெரிய இடைவெளியாகத் தெரியாது. இங்கே அளவை விட்டு ஓய்வின் தன்மையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2003-இல் சமூகவியலாளர்கள் மேரிபெத் மாட்டிங்லியும் சூசான் பியாங்கியும் அமெரிக்க நாட்குறிப்புகளை வைத்து, ஆணின் ஓய்வும் பெண்ணின் ஓய்வும் ஒரே சரக்கல்ல என்று காட்டினார்கள். ஆண்களின் ஓய்வு நீண்ட துண்டுகளாக வருகிறது. பெண்களின் ஓய்வு அடிக்கடி அறுபடுகிறது, வேறு வேலையோ பிள்ளைகளோ அதில் கலந்திருக்கிறார்கள். கையில் முழு நூறு ரூபாய் நோட்டு இருப்பதும், நூறு ரூபாய் வீடெங்கும் ஒற்றை ரூபாய்ச் சில்லறையாகச் சிதறிக் கிடப்பதும் ஒன்றல்ல. கூட்டினால் நூறுதான். எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறதா என்று ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கும்போது பார்க்கும் சீரியல், சில்லறை ஓய்வு. இப்போது கையிலுள்ள செல்போன் எல்லோருடைய ஓய்வையும் சில்லறையாக்கிக் கொண்டிருக்கிறது. ஆண்களும் அதைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள். பெண்களுக்கு இது பழைய செய்தி.

தமிழ்நாட்டு அரசுகள் இந்த நாளுக்குள் கை வைத்திருக்கின்றன என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். 2006-இல் வந்த அரசு வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது. 2011-இல் வந்த அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. இலவசம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டையும் அடைத்து நாம் நிறைய வாதாடிவிட்டோம். நேரத்தின் கண்ணால் பார்த்தால் ஒன்று பெண்ணின் ஓய்வுக்குள் நுழைந்தது, இன்னொன்று அவருடைய வேலைக்குள் நுழைந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய, பெண்களுக்கான மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உதவித் தொகை’ என்று வைக்காமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. விடுமுறையே இல்லாத வேலை அது என்பதைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஒரு நீதிபதி அடுப்படிக்குள் நின்று கடிகாரத்தைப் பார்த்தது போல எனக்கு இருந்தது.

அமெரிக்காவில் வானெக் ஆராய்ந்த காலத்துக்குப் பிறகு படம் மாறியது. வேலைக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் சேர்த்து, பிள்ளைக் கவனிப்பைச் சேர்க்காமல் எண்ணினால், 1965-இல் பெண்கள் வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் செய்த வீட்டு வேலை, 1995-இல் 17.5 மணி நேரமாகக் குறைந்தது. ஆண்களுடையது ஐந்து மணி நேரத்திலிருந்து பத்தாகக் கூடியது. மெஷின்கள் 1965-க்கு முன்பே பெரும்பாலும் வந்துவிட்டன என்பதை நினைவில் வைக்க வேண்டும். இடையில் நடந்தது, பெண்கள் பெருந்திரளாகச் சம்பள வேலைக்குப் போனது. வீட்டில் பேசும்போது அவர்களுடைய குரலுக்கு எடை கூடியது. சலவையிலும் பெருக்கலிலும் தரம் கொஞ்சம் இறங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படி விடுபட்ட மணி நேரத்தில் ஒரு பகுதி எங்கே போனது என்பது எனக்கு மிகப் பிடித்த முடிச்சு. பிள்ளைகளைக் கவனிக்க அமெரிக்கத் தாய்மார் 1965-இல் வாரத்துக்குச் சுமார் 10 மணி நேரம் செலவிட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போன பிறகு, குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்த பிறகு, 2011-இல் அது சுமார் 14 மணி நேரம். தந்தையர் 2.5 மணி நேரத்திலிருந்து 7-க்கு வந்தார்கள். துணியிலும் தரையிலும் மிச்சம் பிடித்ததைக் குழந்தையின் மடியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள்.

இது வேலையா, ஓய்வா? நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர், 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளை ஒவ்வொரு காட்சியாக நினைவுகூர்ந்து அப்போது எப்படி உணர்ந்தார்கள் என்று எழுதச் சொன்னார்கள். நண்பர்களோடு இருந்த நேரம் மேலே வந்தது, வேலைக்குப் போகும் பயணம் அடியில் கிடந்தது. பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட நேரம் யாரும் எதிர்பாராத அளவுக்குக் கீழே, வீட்டு வேலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிள்ளைகள்தான் வாழ்க்கையின் மகிழ்ச்சி என்று பெற்றோர் சொல்வதும் உண்மை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊட்டும்போது களைத்துப் போவதும் உண்மை. ‘வாழ்க்கை’ என்று கேட்டால் ஒரு பதில் வருகிறது. ‘நேற்று’ என்று கேட்டால் இன்னொன்று வருகிறது.

எங்கள் நோட்டில் மாலை நான்கரை மணிக்கு வந்திருந்தோம். முன்பெல்லாம் ஒன்றுவிட்டு ஒரு நாள் அது மாவாட்டும் நேரம். இப்போது தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிவிடுகிறார். கிரைண்டர் துணி போர்த்தி மூலையில் இருக்கிறது.

“நாலரைக்குப் பேரனோட வேன் வரும். அவனை இறக்கிக் கூட்டிட்டு வந்து முகம் கழுவிவிட்டு, பூஸ்ட் ஆத்திக் குடுத்தேன். அப்புறம் ஹோம்வொர்க். ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்ல மாட்டேங்கிறான். ஆறரை ஆயிடுச்சு.”

நான்கு கோடுகள். பராமரிப்பு என்று எழுத ஆரம்பித்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

“வேலைன்னா எழுதற?”

“ஆமாம்மா. சம்பளமில்லாத வேலை. அப்படித்தான் கணக்குல வரும்.”

“அதை வேலைல எழுதாத. நாள் முழுக்க எனக்குன்னு இருக்கறது அந்த ரெண்டு மணி நேரம்தான்.”

பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். “ஆனா முட்டி வலிக்குது, அவனோட மாடிப்படி ஏறி இறங்கி. அதை வேணா எழுதிக்கோ” என்றார்.